வள்ளுவர் சிலையும் எஃப்(எக்ஸ் − 77)உம்

வணக்கம். கன்னியாகுமரிக் கடற்கரையில், விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் பாறையும் கண்ணுக்கு நேரே தெரியும் ஒரு கல்மேடையில் அமர்ந்து இந்தப் பதிவை எடுக்கிறேன். காற்றின் இரைச்சல் சற்று ஏறிக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். தக்கலையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் என்னிடம் தனிப்பயிற்சிக்கு வரும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள், சார்புகளின் (ஒரு எண்ணைக் கொடுத்தால் இன்னொரு எண்ணைத் தரும் விதிகளின்) வரைபடத்தை நகர்த்தும் பகுதிக்கு வந்ததும் ஆண்டு தவறாமல் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: "சார், எக்ஸிலிருந்து 3ஐக் கழித்தால் வரைபடம் இடப்பக்கம்தானே போக வேண்டும், ஏன் வலப்பக்கம் போகிறது?" நான் படித்த காலத்தில் இதற்குக் கிடைத்த விடை, "அடைப்புக்குறிக்கு வெளியே இருந்தால் நேர், உள்ளே இருந்தால் எதிர், அப்படியே மனப்பாடம் செய்துகொள்" என்பதுதான். மனப்பாடம் செய்தேன்; தேர்வு மண்டபத்தில் எது நேர், எது எதிர் என்பதை மாற்றி நினைத்து, முழுக் கணக்கையும் தவறான பக்கத்தில் வரைந்துவிட்டு வந்தேன். ஆகவே அந்த விதியை என் மாணவர்களுக்கு நான் சொல்லித் தருவதில்லை.

முதலில் செங்குத்து நகர்வைப் பார்ப்போம். அதோ நிற்கும் திருவள்ளுவர் சிலை 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. மொத்த உயரம் 133 அடி. அதில் பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. பீடத்தின் மேல் நிற்கும் உருவம் 95 அடி, பொருட்பாலின் 70ஐயும் இன்பத்துப்பாலின் 25ஐயும் கூட்டிய தொகை. சிலையின் மேல்விளிம்பைக் கரையிலிருந்து பார்த்து ஒரு கோடாக வரைந்து, உயரத்தை வள்ளுவரின் பாதத்திலிருந்து அளந்தால் கிடைப்பதை எஃப்(எக்ஸ்) என்று வைத்துக்கொள்ளுங்கள்; எக்ஸ் என்பது பக்கவாட்டுத் தூரம். அதே கோட்டைப் பீடத்தின் அடியிலிருந்து அளந்தால் ஒவ்வொரு புள்ளியின் உயரத்தோடும் 38 கூடுகிறது. அதுதான் எஃப்(எக்ஸ்) + 38. தலையுச்சி 95இலிருந்து 133க்குப் போகிறது, பாதம் 0இலிருந்து 38க்குப் போகிறது, 50 அடியில் இருந்த ஒரு மடிப்பு 88க்குப் போகிறது. உருவம் துளியும் மாறவில்லை.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 95ஐ 1.4ஆல் பெருக்கினாலும் சரியாக 133தான் வரும். ஆனால் 1.4 × எஃப்(எக்ஸ்) என்பது நகர்வு அல்ல, நீட்சி: தலை 133ஐத் தொடும், பாதமோ 0இலேயே நிற்கும், 50 அடியில் இருந்த மடிப்பு 70இல் வந்து நிற்கும், வள்ளுவர் ஒல்லியாகி நெடுநெடுவென்று வளர்ந்துவிடுவார். உச்சிப்புள்ளி ஒன்றை மட்டும் சரிபார்த்துவிட்டு "விடை பொருந்துகிறது" என்று எழுதும் பழக்கம் நம் மாணவர்களிடம் உண்டு. குறைந்தது இரண்டு புள்ளிகளைச் சோதியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இனிக் கிடைமட்ட நகர்வு. இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. அதன் நீளம் 77 மீட்டர். கடல்மட்டம் தாழ்ந்த நாட்களில் வள்ளுவர் பாறைக்குப் படகு விட முடியாமல் போவதை இங்கே எல்லோரும் அறிவார்கள். இப்போது விவேகானந்தர் பாறைக்குப் போனவர்கள் நடந்தே அங்கே போய்விடலாம். நமக்கு வேண்டியது அந்த 77. வள்ளுவர் பாறையில் பாலம் முடியும் இடத்தில் அளவுநாடாவின் பூச்சியத்தை வைத்து ஒருவர் வலப்பக்கமாக அளந்து, எத்தனை மீட்டரில் எத்தனை அடி உயரம் என்று ஒரு அட்டவணை போட்டு முடித்துவிட்டார். அந்த அட்டவணைதான் எஃப். விவேகானந்தர் பாறையில், பாலம் தொடங்கும் இடத்தில், இன்னொருவர் தன் பூச்சியத்தை வைத்துக்கொண்டு அதே திசையில் அளக்கிறார். அவர் போட வேண்டிய புதிய அட்டவணையை ஜி என்போம். அவருடைய 80ஆம் மீட்டரில் உயரம் எவ்வளவு? அவர் புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. தன் 80 என்பது முதலாமவரின் 3 என்பது அவருக்குத் தெரியும். பழைய அட்டவணையில் 3க்கு நேரே இருப்பதைப் பார்த்து எழுதிக்கொள்கிறார். ஆகவே ஜி(80) = எஃப்(3); பொதுவாக, ஜி(எக்ஸ்) = எஃப்(எக்ஸ் − 77).

77ஐ ஏன் கழித்தோம் என்று மறுபடியும் கேட்டுப் பாருங்கள். பழைய அட்டவணையில் எந்த வரியைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் கழித்தோம். இரண்டாமவரின் தாளில் சிலை தன் பூச்சியத்திலிருந்து 77 மீட்டர் வலப்பக்கம் தள்ளியே நிற்கிறது. தள்ளி நிற்பதால்தான் கழிக்க வேண்டியிருக்கிறது. கழித்ததால் தள்ளிப் போனது என்று தலைகீழாக யோசிக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

கடலையே கேட்டாலும் இதையே சொல்லும். ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருகிறது. நேற்று 6 மணிக்கு இருந்த நீர்மட்டம் இன்று 6.50க்கு வரும் என்றால், இன்றைய 6.50இன் மட்டத்தைத் தெரிந்துகொள்ள நேற்றைய கோட்டில் 50 நிமிடம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். இன்றைய கோடோ 50 நிமிடம் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. ஏற்றத்தின் உயரமும் நாளுக்கு நாள் சிறிது மாறுவதால் இது தோராயமான ஒப்புமைதான்.

இப்போது கேமராவைத் தாளின் பக்கம் திருப்புகிறேன். வரைபடத் தாளின் மேல் ஒரு ட்ரேசிங் தாளை வைத்து, எக்ஸ் வர்க்கத்தின் பரவளையத்தைப் பென்சிலால் எடுத்திருக்கிறேன். காற்றில் பறக்காமல் இருக்க ஓரங்களில் இரண்டு சிப்பிகள். நாம் வரைய வேண்டியது ஒய் = எக்ஸ்² − 6எக்ஸ் + 11. இப்படிப் பார்த்தால் இதில் நகர்வு எதுவும் தெரியாது. 11ஐ 9 + 2 என்று பிரித்து முழு வர்க்கமாக்கினால் (எக்ஸ் − 3)² + 2 என்று ஆகிறது. சிப்பிகளை எடுத்துவிட்டு மேல்தாளை 3 கட்டம் வலப்பக்கம் இழுக்கிறேன், பிறகு 2 கட்டம் மேலே தள்ளுகிறேன். முனை (3, 2)இல் உட்காருகிறது. சரிபார்ப்போம்: எக்ஸ் 1 என்றால் 6, 2 என்றால் 3, 3 என்றால் 2, 4 என்றால் மறுபடி 3, 5 என்றால் மறுபடி 6. ஐந்து புள்ளிகளும் பென்சில் கோட்டின் மேலேயே விழுகின்றன, பாருங்கள். தாளை நகர்த்தும்போது சாய்த்துவிடாதீர்கள். சாய்த்தால் அது சுழற்சி, வேறு பாடம்.

அந்த "உள்ளே எதிர், வெளியே நேர்" விதியின் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த 2ஐச் சமன்பாட்டின் இடப்பக்கம் கொண்டுபோனால் ஒய் − 2 = (எக்ஸ் − 3)² என்று வருகிறது. இப்போது இரண்டும் கழித்தல்தான்: 3 வலப்பக்கம் நகர எக்ஸிலிருந்து 3, 2 மேலே ஏற ஒய்யிலிருந்து 2. எதிர், நேர் என்ற வேறுபாடு கணிதத்தில் இல்லவே இல்லை; ஒய்யைத் தனியாக நிறுத்தி எழுதும் நம் வழக்கத்தால் 2 மட்டும் சமக்குறியைத் தாண்டி கூட்டல் குறிக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். (3, 2)ஐ மையமாகக் கொண்ட வட்டத்தை (எக்ஸ் − 3)² + (ஒய் − 2)² = 25 என்று எழுதும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

சார்பகத்தையும் (எக்ஸுக்குக் கொடுக்கக்கூடிய மதிப்புகள்) வீச்சகத்தையும் (விடையாகக் கிடைக்கும் மதிப்புகள்) பற்றி ஓரிரு வார்த்தை போதும். வர்க்கமூலம் எக்ஸ் என்பதை வர்க்கமூலம் (எக்ஸ் − 4) ஆக்கினால், வரைபடம் 4இலிருந்து தொடங்கும். சார்பகம் நகர்ந்தது, வீச்சகம் அப்படியே இருக்கிறது. வெளியே 4ஐக் கூட்டினால் இதற்கு மாறாக வீச்சகம் மட்டும் 4க்கு மேலே ஏறும்.

பலரும் வழுக்கி விழும் இடம் எஃப்(2எக்ஸ் − 6). 6 இருப்பதைப் பார்த்ததும் எஃப்(2எக்ஸ்)இன் வரைபடத்தை 6 அலகு தள்ளிவிடுகிறார்கள். 2ஐ வெளியே எடுங்கள்: 2(எக்ஸ் − 3). நகர்வு 3தான். சந்தேகம் இருந்தால், எதிர்க்குறியை நீக்கி அளவை மட்டும் தரும் மட்டுச் சார்பை வைத்துப் பாருங்கள். |2எக்ஸ் − 6| பூச்சியமாவது எக்ஸ் 3ஆக இருக்கும்போதுதான், ஆகவே அந்த வி வடிவத்தின் கூர்முனை 3இல்தான் இருக்க முடியும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: எக்ஸ்² + 8எக்ஸ் + 10. முழு வர்க்கமாக்கி, ட்ரேசிங் தாளை எந்தப் பக்கம் எத்தனை கட்டம் நகர்த்தினீர்கள் என்று கீழே எழுதுங்கள். முனையை மட்டும் எழுதினால் ஏற்கமாட்டேன். அதோடு இன்னொரு புள்ளியும் வேண்டும்.