மழைக்காலமும் மின்சாரக் காரின் டயரும்

நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் மின்சாரக் கார் வாங்கியவரைப் பார்த்தால் எல்லாரும் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகுது?" என்பதுதான். ஈரத் தார்ச்சாலையில் பிரேக் போட்டால் எங்கே போய் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கம்பெனியிலிருந்தே பூட்டி வரும் டயர் பெரும்பாலும் உருளும்போது குறைவாகச் சக்தி இழுக்கும் வகை. ஒரு சார்ஜில் கூடுதல் தூரம் ஓட அது உதவும். ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு ஈரத்தில் பிடிமானம் போதாது. மின்மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு விசையோடு இழுக்கும். பேட்டரியால் வண்டியின் எடையும் அதிகம்.

இப்போது நம் சாலையை எண்ணிப் பாருங்கள். சேடை ஓட்டிவிட்டுக் கரையேறும் டிராக்டரோடு வயலின் களிமண்ணும் தார்ச்சாலைக்கு வந்துவிடுகிறது. அறுவடை நாளில் நெல்லும் வைக்கோலும் சாலையில் கிடக்கின்றன. பெருமழை பெய்தால் சேறு கழுவிப் போகும். சிறு தூறல் அதைக் குழைத்து வைத்துவிடும். எனக்கு அந்தத் தூறல்மீதுதான் பயம். அரசலாறு, வெட்டாற்றங்கரை வளைவுகளில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மின்சாரக் கார் தானாக வேகத்தைக் குறைக்கும்; இதை ரீஜென் என்பார்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அந்தத் தடை முழுவதும் முன் டயர் இரண்டின்மேல் விழுகிறது. அவை வழுக்கினால் ஸ்டீயரிங் திருப்பிப் பயனில்லை; ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல். மழை நாளில் இந்த ரீஜென் அளவைக் குறைத்து ஓட்டுங்கள்.

பிடிமானமுள்ள டயர் போட்டால் ஓடும் தூரம் குறையுமா? குறையும். நூற்றுக்கு ஐந்து, சில டயரில் பத்து வரைகூடப் போகலாம். 250 கிலோமீட்டர் ஓடும் வண்டி 225 ஓடும் என்றே வையுங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர். போய்த் திரும்பி, மறுநாளும் போய்வரலாம். இந்த இழப்பை நான் தயங்காமல் ஏற்பேன்.

டயர் கடையில் "அகலமாப் போடுங்க, கிரிப்பு கிடைக்கும்" என்பார்கள். வேண்டாம். தேங்கிய நீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும். பழைய அளவிலேயே, ஈரப் பிடிமானத்துக்குப் பேர்போன டயராகக் கேளுங்கள். பழைய டயரின் பக்கவாட்டில் 95எச் என்று இருந்தால், அந்த 95-க்கு ஒரு டயர் 690 கிலோ தாங்கும் என்று பொருள். அதற்குக் குறைந்த எண்ணை வாங்காதீர்கள். நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் பாருங்கள்: 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-வது வாரம். முடிந்தால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். டயர் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் ரப்பர் மேட்டின் உயரம், 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் சட்டப்படி மாற்றியே ஆக வேண்டும். நம் ஐப்பசி மழைக்கு அதுவரை காத்திருக்காமல், 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

ஜாக்கி வைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டியின் அடிவயிறு முழுக்கப் பேட்டரி. கம்பெனி குறித்த இடத்தில் மட்டும்தான் ஜாக்கி படவேண்டும். டயர் மாட்டியதும் வீல் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் செய்து, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்று பிடியுங்கள். புது டயரின் மேற்பூச்சு தேயும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாகவே ஓட்டுங்கள்.

வணக்கம்.