முகப்பில் நிற்கும் புல்லட்: நான்கு தலைமுறை எஞ்சின்கள்

நேயர்களுக்கு வணக்கம். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் செட்டிநாட்டுக்குத் திரும்புகிறவர்கள், முகப்பில் தார்ப்பாய் மூடி வைத்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டை எடுக்கும்போது கேட்பது ஒன்றுதான்: பழைய எஞ்சின் நம்பகமானதா, புதியதா? ஒவ்வொன்றும் எங்கே கைவிடும் என்று தெரிந்துகொள்வதுதான் உதவும்.

பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சின் 346 சிசி, கியர்பெட்டி தனி. சொல்லாமல் கொள்ளாமல் நிற்காது. முதலில் டேப்பட், அதாவது வால்வைத் திறக்கும் அமைப்பின், சத்தம் கூடும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது வலப்பக்கம் உள்ள டேப்பட் மூடியைத் திறந்து, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்துங்கள். வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை இரு விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சரியான அளவு அவ்வளவுதான். தீப்பொறிக்கான காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்கட்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் மெல்லக் கிராங்க் பக்கம் இறங்கிவிடும், கிளப்பியதும் புகை கக்கும். பிஸ்டன் ரிங் போச்சு என்று யாராவது ஹெட்டைக் கழற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். இதற்கு உண்மையான எதிரி சூடு. திருச்சி சாலையில் விடாமல் முறுக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து வந்த ஏவிஎல் அலுமினிய எஞ்சின், சூட்டைச் சீக்கிரம் விடும். அதிலும் கியர்பெட்டி தனிதான்.

2008இல் வந்த யூசிஇயில் (யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் எஞ்சின்) எஞ்சினும் கியரும் ஒரே கூட்டுக்குள். ஹைட்ராலிக் டேப்பட் என்பதால் அட்ஜஸ்ட் செய்யும் வேலையே இல்லை. ஆனால் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். காருக்கு வாங்கிய ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். 15டபிள்யூ50, டப்பாவில் ஜாசோ எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய செலவு ஸ்ப்ராக் கிளட்ச், செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் ஒருவழிக் கிளட்ச். பேட்டரி இறங்கியிருக்கும்போது செல்ஃப் அடித்தால், பிஸ்டன் உச்சியைத் தாண்ட முடியாமல் பின்னுக்கு உதைக்கும். அந்த உதை ஸ்ப்ராக்கை உடைக்கும், பிறகு இடப்பக்க மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மீட்டரில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் செல்ஃபைத் தொடாதீர்கள். அதற்குத்தான் கிக்கர் இருக்கிறது.

2020இல் மீட்டியார் பைக்கோடு வந்த ஜே சீரிஸில் பேலன்சர் இருப்பதால் அதிர்வு குறைவு. தினம் காரைக்குடியிலிருந்து மதுரைக்கு ஓட்டுகிறவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஆனால் கிக்கர் இல்லை. பேட்டரி அடியோடு செத்தால் பெட்ரோல் பம்ப்புக்கும் மின்சாரம் கிடைக்காது, தள்ளியும் பெரும்பாலும் பயனில்லை. பூட்டிய வீட்டில் நிறுத்துவதானால் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள்.

வருஷத்தில் பத்து மாதம் நிற்கும் வண்டிக்கு, கார்புரேட்டர் வைத்த 350 யூசிஇயே என் தேர்வு. நிறுத்துமுன் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தை வடித்துவிடுங்கள். வடிக்காவிட்டால் பிசின் படிந்து பைலட் ஜெட் என்ற சிறு துளை அடைக்கும். எந்தத் தலைமுறை வண்டியானாலும், நம் செம்மண் புழுதியில் ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டருக்கு முன்பே திறந்து பாருங்கள். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.