காய்ச்சல் விட்ட அன்று ஓடப் பார்த்தேன்

வணக்கம் மக்களே. காலை ஏழு மணி, பினாங்கு பொட்டானிக் கார்டன். பின்னால் குரங்குச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக வீடியோ ஏன் வரவில்லை என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு டிங்கி, அதாவது டெங்கு காய்ச்சல்.

பினாங்கு பாலம் மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். 28 கிலோமீட்டர் ஓடிய மறுநாள் காய்ச்சல். ஓடிய அலுப்பு என்றே நினைத்தேன். ஆனால் கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி, விழியைத் திருப்பினாலே குத்தியது. கிளினிக்கில் ரத்தம் எடுத்து டிங்கி இருக்கிறதா என்று காட்டும் என்எஸ்1 சோதனை பார்த்தார்கள், பாசிட்டிவ். பாராசிட்டமோல் மட்டும் போடு, ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் தொடாதே, ரத்தக்கசிவு வரும் என்றார் டாக்டர். ஓடுகிறவர்கள் பையில் வலி மாத்திரை எப்போதும் கிடக்கும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. உடம்பு லேசாகிவிட்டது. உடனே ஓட்டக் காலணியைத் தேடினேன். அம்மா வாசலை மறித்து நின்றுவிட்டார். "காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனமா இருக்கணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

அம்மா சொன்னதுதான் சரி. டிங்கியில் காய்ச்சல் விட்டதும் வருகிற ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை இன்னும் இறங்கும். குறைந்தது 150,000 இருக்க வேண்டிய இடத்தில் அன்று மதியம் எனக்கு 62,000. இரவு பல் துலக்கித் துப்பினால், வெள்ளைத் தொட்டியில் சிவப்பாக ஒரு கோடு. அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. வயிற்று வலி, நிற்காத வாந்தி, இப்படி ஈறில் ரத்தம், எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் அப்போதே கிளம்பிவிட்டோம். மூன்று நாள் வார்டில், கையில் டிரிப்ஸ்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். சும்மா நடக்கிறேன், இதயத்துடிப்பு 128. முன்பெல்லாம் மெதுவாக ஓடினால்தான் இவ்வளவு வரும். வைரஸ் இதயத் தசையையும் தாக்கக்கூடும் என்பதால், டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை நடை மட்டும்தான்.

இந்த வருஷம் மாரத்தான் இல்லை. பாலத்தின் நடு மேட்டில், அந்த இருட்டில், கடல் காற்று முகத்தில் அடிக்க ஓட வேண்டும் என்று ஏழு மாதம் காத்திருந்தேன். விலகுகிறேன் என்று முடிவு செய்த இரவு அழுதுவிட்டேன்.

சரி, அம்மா இளநீர் வாங்கிக்கொண்டு காரில் காத்திருக்கிறார். இன்னும் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போகிறேன்.