தலைக்கு வெந்நீர் ஊற்றினால் வலிப்பு: காரணமும் மருந்தும்

[திரையில்: ஆவி பறக்கும் அண்டா, பக்கத்தில் சொம்பு]

உடம்புக்கு மட்டும் குளிக்கிற நாட்களில் ஒன்றும் ஆகாது. தலைக்கு ஊற்றிக்கொள்கிற அன்று, நாலைந்து சொம்பு ஊற்றியதுமே பார்வை நிலைகுத்தும். பேச்சு குழறும். கூப்பிட்டால் பதில் இருக்காது, ஆனால் கை பாட்டுக்குத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்கும். அரை நிமிடத்தில் இருந்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். சிலருக்கு அடங்காமல் கைகால் வெட்டி இழுக்கும் முழு வலிப்பாகும்.

இதுதான் வெந்நீர் வலிப்பு. குறிப்பிட்ட ஒரு தூண்டுதலால் மட்டும் வருகிற அனிச்சை வலிப்புகளில் இது ஒரு வகை.

[திரையில்: உலக வரைபடம். நியூசிலாந்து, துருக்கி, தென்னிந்தியா]

1945-ல் நியூசிலாந்தில்தான் முதல் நோயாளியைப் பற்றி எழுதினார்கள். ஆனால் உலகத்திலேயே அதிகமாகப் பதிவாகியிருப்பது தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தின் தென்பகுதியில். பெங்களூரின் நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணி 1960-களின் கடைசியில் இதைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1988-ல் பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த பி. சதீஷ்சந்திராவின் குழு 279 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. அதில் ஆண்கள் பெண்களைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். தொடங்கிய சராசரி வயது 13-ஐ ஒட்டி. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வந்தது, மூளையின் ஒரு பகுதியில் தொடங்கி நினைவு மங்கும் ‘பகுதி வலிப்பு’.

ஏன் இங்கே? நாம் குளிக்கிற விதத்தைப் பாருங்கள். சில நாளுக்கு ஒருமுறைதான் தலைக்குக் குளியல். தண்ணீர் 40 முதல் 50 டிகிரி செல்சியஸ். அதைச் சொம்பு சொம்பாக, இடைவெளி இல்லாமல், நேராக உச்சந்தலையில் ஊற்றுகிறோம். சூடு, வேகம், உச்சந்தலையில் விழுவது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் தூண்டுதல். கிண்ணத்தால் மொண்டு தலையில் ஊற்றும் பழக்கம் உள்ள துருக்கியிலும் இதே வலிப்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் குளிக்கும் பழக்கம் மட்டுமே காரணம் என்றால் ஊரில் பாதிப் பேருக்கு வந்திருக்க வேண்டுமே! திடீர்ச் சூட்டைச் சமாளிக்கும் மூளையின் ஏற்பாட்டில் பிறவியிலேயே ஒரு பலவீனம் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சில குடும்பங்களில் பலருக்கு வருகிறது. பெங்களூரில் நடந்த மரபணு ஆய்வில், குளூட்டமேட் என்ற மூளை வேதிப்பொருளைச் செல்லுக்குள் கடத்தும் எஸ்.எல்.சி.1.ஏ.1 என்ற மரபணுவில் அரிய மாற்றங்கள் சில நோயாளிகளிடம் கிடைத்தன.

[திரையில்: இ.இ.ஜி. தாள்]

நோயைக் கண்டுபிடிப்பதில்தான் சறுக்கல் அதிகம். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) பெரும்பாலோருக்கு இயல்பாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ.யும் அப்படித்தான். உடனே “ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம்” என்று முடித்துவிடுவார்கள். வீட்டிலோ சாமி வந்துவிட்டது என்பார்கள். “எப்போது வருகிறது? தலைக்கு ஊற்றும்போதா?” என்ற ஒரே கேள்வி ஸ்கேனைவிட அதிகம் சொல்லிவிடும். வலிப்பு குளியலின் தொடக்கத்திலும் வரலாம், முடித்துத் துவட்டும்போதும் வரலாம். அதனால் “குளித்து முடித்த பிறகுதானே வந்தது” என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது.

இனி சிகிச்சை. முதலில் தண்ணீரை நன்றாக விளாவிக்கொள்ளுங்கள். உடம்பை நனைத்த பிறகே தலைக்கு வர வேண்டும். தலையில் கொட்டாமல், ஈரத்துண்டால் நனைக்கலாம், அல்லது கையால் அள்ளி மெதுவாக விடலாம். பலர் சூட்டை மட்டும் குறைத்துவிட்டுப் பழைய வேகத்திலேயே ஊற்றுவார்கள். வலிப்பு மறுபடி வரும், “விளாவியும் பயனில்லை” என்பார்கள்.

இதில் அடங்காவிட்டால் க்ளோபஸாம் மாத்திரை. தலைக்குக் குளிக்கிற நாளில் மட்டும், குளிப்பதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னால் 5 அல்லது 10 மில்லிகிராம். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். குளியலறை வாசலில் நின்று விழுங்கினால் வேலை செய்யாது. மருந்து ரத்தத்தில் ஏற அவகாசம் வேண்டும். தினமும் தலைக்குக் குளிப்பவருக்கு இது தினசரி மருந்தாகி, நாளடைவில் பலன் குறையலாம். அவர்களுக்கு வேறு ஏற்பாடு தேவை. தூக்கம் வரும் என்பதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும், குழந்தைகளுக்கு இன்னும் கவனமாக.

“வாரம் ஒருநாள்தானே வருகிறது” என்று விட்டுவிடுவது ஆபத்து. அந்த 279 பேரில் 38 சதவீதம் பேருக்கு வெந்நீரே இல்லாமலும் வலிப்பு வந்தது. எலிகளிடம் செய்த ஆய்வில், திரும்பத் திரும்பச் சூடு பட்டதும் வலிப்பு இன்னும் சுலபமாகத் தூண்டப்பட்டது. தானாகவும் வலிப்பு வருபவருக்குக் கார்பமசெபைன் போன்ற தினசரி மருந்து தேவைப்படும்.

[திரையில்: தாழ்ப்பாள்]

குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம், சாத்தினால் போதும். கொதிக்கும் அண்டாவை உள்ளே வைக்காதீர்கள். விழுந்தால் தீக்காயம் வலிப்பைவிட மோசமாக இருக்கும். வலிப்பு வந்தால் தண்ணீரை நிறுத்தி, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

நோயாளிகள் வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் ஒன்று உண்டு. பத்தில் ஒருவர் அளவுக்கு, வலிப்பு தொடங்கும்போது இனம்புரியாத ஒரு சுகம் இருக்கும்; அதற்காகவே மேலும் மேலும் ஊற்றிக்கொள்வார்கள். “போதும், வெளியே வா” என்றால் கோபம்கூட வரும். இது அடமல்ல, நோயின் அறிகுறி. மருத்துவரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவர்களிடம் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு விடக் கூடாது. தலைக்குக் குளிக்கும்போது வேறொருவர் ஊற்றிவிடுவதே நல்லது.