காய்ச்சினா பிரியாது, குலுக்கினா பிரியும்!

வணக்கம் மக்களே! இந்த செபரேட்டிங் ஃபனல்ல, அதாவது அடில குழாய் வச்ச பிரிப்புப் புனல்ல, இருக்கிறது ஹெக்ஸேனும் (பெட்ரோல் மாதிரி ஒரு கரைப்பான்) எத்தனாலும் (சாராயத்துல இருக்கிற ஆல்கஹால்) கலந்தது. ஹெக்ஸேன் 69 டிகிரில கொதிக்கும், எத்தனால் 78ல. அப்போ டிஸ்டில் பண்ணா, அதாவது காய்ச்சி ஆவியைக் குளிர வச்சு வடிச்சா, பிரிஞ்சிடணும்ல? பிரியாது. எடைல சுமார் 21 சதவீதம் எத்தனால் இருந்தா, ரெண்டும் கைகோத்துக்கிட்டு 59 டிகிரிக்குள்ளயே, அதே விகிதத்துல ஆவியாயிடும். இதான் அசியோட்ரோப். எத்தனை தடவை காய்ச்சினாலும் அதே கலவைதான் திரும்ப வந்து விழும்.

"தண்ணி ஊத்தி குலுக்குங்க, எத்தனால் தண்ணிக்குப் போயிடும்"னு கமெண்ட் வரும். போகும்தான். ஆனா தண்ணியும் எத்தனாலும் இன்னொரு அசியோட்ரோப் ஆச்சே! எத்தனால் 95.6 சதவீதத்துக்கு மேல சாதாரண டிஸ்டிலேஷன்ல ஏறாது. பேயை விரட்டி பிசாசைக் கூப்பிட்ட கதை.

அதனாலதான் இது: 1-எத்தில்-3-மெத்தில்இமிடசோலியம் எத்தில்சல்ஃபேட். உப்புதாங்க, ஆனா ரூம் டெம்பரேச்சர்லயே திரவம். ஊத்தறேன், பாருங்க, நல்லெண்ணெய் மாதிரி கொழகொழன்னு நேரா அடில போய் உக்காருது. அடர்த்தி மில்லிக்கு 1.24 கிராம். மூடி போட்டு, தலைகீழாக்கி குலுக்கி, குழாயைத் திறந்து காத்தை விடறேன். உஸ்ஸுன்னு சத்தம் கேக்குதா? ஹெக்ஸேன் ஆவி. பக்கத்துல நெருப்பே கூடாது, ஆவியை உறிஞ்சி வெளியேத்தற ஃபியூம் ஹூட்லதான் செய்யணும்.

இப்ப கேமராவைக் கிட்ட கொண்டு வரேன். கோடு தெரியுதா? கீழ் அடுக்கு நான் ஊத்தினதை விட உயர்ந்திருக்கு. எத்தனாலோட ஓ.எச். முனை சல்ஃபேட்ல இருக்கிற ஆக்சிஜனோட ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கும். ஹெக்ஸேனுக்கு அப்படிப் பிடிக்க ஒண்ணுமில்ல, அதனால மேலயே மிதக்குது. ஒரே குலுக்கல்ல முழுசா வராது, கொஞ்சம் கொஞ்சமா புதுசு ஊத்தி திரும்பக் குலுக்கணும்.

கீழ் அடுக்கை வடிச்சு, வெற்றிடத்துல லேசா சூடாக்கினா எத்தனால் வந்துடும், கூட ஒட்டிக்கிட்டு வந்த கொஞ்சூண்டு ஹெக்ஸேனும் வரும். உப்பு கிட்டத்தட்ட ஆவியாகவே ஆகாது, அதனால புது அசியோட்ரோப்புக்கு வழியில்ல. மிச்சத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

ஆவியாகாததை வச்சு இதுக்கு 'கிரீன் சால்வென்ட்', அதாவது சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் பண்ணாத கரைப்பான்னு பட்டம் கட்டறாங்க. எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. காத்துல கலக்காதுங்கிறது நிஜம், தண்ணில கலந்தா? இந்த மாதிரி இமிடசோலியம் உப்புகள்ல சிலது நீர்வாழ் உயிர்களுக்கு விஷம். விலையும் ஜாஸ்தி. ஈரத்தோட சேர்த்து ரொம்ப சூடு பண்ணா எத்தில்சல்ஃபேட் மெதுவா உடைஞ்சு அமிலமாகும். அதனால அழுத்தத்தை நல்லா இறக்குங்க, சூட்டை ஏத்தாதீங்க.