பழைய கார் ஆடுதா, ‘டொக்’குங்குதா?

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரு அல்சூர் பக்கம் கராஜ் வைத்திருக்கிறேன், வருவதெல்லாம் பெரும்பாலும் வயதான வண்டிகள். ‘டயர் மாத்தியாச்சு, பேலன்சிங் பண்ணியாச்சு, எஞ்சின் மவுன்டிங்கும் புதுசு, இன்னும் ஆடுதுண்ணா’ என்று வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, ‘எப்போ ஆடுது சார்?’ அதற்குப் பதில் தெரியாமல்தான் இத்தனை சாமான் மாற்றியிருப்பார்கள்.

பதில் தெரிய கொஞ்சம் ஓட்டிப் பார்க்க வேண்டும். நம்ம ஊர் நெரிசலில் அது நடக்காது, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓசூர் ரோட்டில் போங்கள். 70-இல் ஆட்டம் வருகிறதா? ரோடு நேராக, காலியாக இருக்கும்போது நியூட்ரலுக்கு வாருங்கள், ஆனால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்க வேண்டாம், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அந்த எஞ்சின்தான் துணை. நியூட்ரலிலும் அதே ஆட்டம் இருந்தால் அது சக்கரமோ, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டு போகிற ஷாஃப்டோ, சுற்றுகிற ஏதோ ஒன்று. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் உதறி, காலை எடுத்தால் அடங்கினால், இழுக்கிற பாரம் எந்த ஜாயின்ட்டில் விழுகிறதோ அதைச் சந்தேகப்படுங்கள். நிற்கிற வண்டியில் ரேஸ் கொடுத்தாலே ஆடினால் ஷாஃப்டை விட்டுவிடுங்கள், அது எஞ்சின் பக்கத்து விஷயம்.

1983 கடைசியில் மாருதி 800 வந்த பிறகு முன்சக்கர இழுவை நமக்குப் பழகிவிட்டது. இதில் பக்கத்துக்கு ஒரு ஆக்சில், ஒவ்வொன்றிலும் இரண்டு சி.வி. ஜாயின்ட், அதாவது வளைந்தாலும் சீராகச் சுழற்சியைக் கடத்துகிற மூட்டு. சக்கரத்தை ஒட்டியது வெளி ஜாயின்ட், கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது உள் ஜாயின்ட். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது ‘டக் டக் டக்’ என்றால் வெளி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. நேராகப் போகையில், அதுவும் ஏற்றத்தில், உதறினால் உள் ஜாயின்ட். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஆக்சிலரேட்டரில் காலை எடுத்து வைக்கும் போதெல்லாம் ‘டொக்’ என்று ஒரு அடி கேட்டால் அதுவும் உள் ஜாயின்ட்டாக இருக்கலாம், ஆனால் தளர்ந்த மவுன்டிங்கும் இதே மாதிரிதான் அடிக்கும், அதையும் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் ஆரம்பம் ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட்தான். சின்னதாகக் கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும், மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால், சத்தம் வருவதற்கு முன்பே பூட்டை மாற்றி அதற்கான கிரீஸை நிரப்புங்கள், சத்தம் வந்த பிறகு பூட் மட்டும் மாற்றுவது வீண் செலவு.

அம்பாசடர், பத்மினி, ஆம்னி, சுமோ இதெல்லாம் வேறு கதை. எஞ்சின் முன்னால், இழுவை பின்னால், நடுவில் நீளமாகப் புரொப்பல்லர் ஷாஃப்ட். 80-இல் போகிற அம்பாசடரில் சக்கரம் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 11 சுற்று சுற்றும், ஷாஃப்ட் அதைப்போல நாலைந்து மடங்கு வேகத்தில் சுற்றும். அதனால்தான் சக்கரக் கோளாறு ஸ்டியரிங்கில் மெதுவான ஆட்டமாகத் தெரிகிறது, ஷாஃப்ட் கோளாறு சீட்டுக்கு அடியில் ‘ர்ர்ர்’ என்று ரீங்காரமாக வருகிறது. முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றி கிளட்ச் விட்டதும் ‘டடக்’ என்றால், மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்றால், ஷாஃப்டின் முனைகளில் மூட்டாக இருக்கிற கிராஸைப் பாருங்கள். கிரீஸ் நிப்பிள் இருந்தும் அதில் கிரீஸ் கன்னையே வைக்காத வண்டிகள் எத்தனையோ!

பார்ப்பது சுலபம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகுங்கள். கிராஸின் இரு பக்கமும் சேர்ந்து அசையாமல் ஒன்றுக்கொன்று ஆடினால் அது போய்விட்டது. ஷாஃப்டில் ஒட்டியிருக்கிற எடைத் துண்டு (பேலன்ஸ் துண்டு) விழுந்த தடம், கல்லடி பட்ட பள்ளம் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் ஷாஃப்டிலும், அது போல்ட் ஆகிற ஃபிளாஞ்சிலும், ஸ்லைடு ஆகிற இடத்திலும் பெயின்ட்டால் கோடு போடச் சொல்லுங்கள். கோணத்தில் சுற்றும் ஒற்றைக் கிராஸ் ஒரு சுற்றில் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும், மறுமுனைக் கிராஸ்தான் அதைச் சரிக்கட்டுகிறது. ஸ்லைடு ஆகிற இடத்தில் பல் மாற்றிச் செருகிவிட்டால் புது கிராஸ் போட்ட வண்டி முன்னைவிட அதிகமாக ஆடும், பழி சாமான் விற்ற ஜே.சி. ரோடு கடைக்காரர் தலையில் விழும்.

கிராஸ் மாற்றிய பிறகும் லேசாக ஒரு ‘டொக்’ மிச்சம் இருக்கலாம். அது பின் ஆக்சில் நடுவில் இருக்கிற டிஃபரென்ஷியலின் கியர் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி, பழைய வண்டியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஊளைச் சத்தம் இல்லை, ஆயில் ஒழுகவில்லை என்றால் அதைப் பிரிக்க விடாதீர்கள், ஆயில் அளவை மட்டும் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.