ஓநாய்க்கு ஒரு பத்திரம்: சசெத்தா வரைந்த அசிசியார்

அனைவருக்கும் வணக்கம். புனிதர்களின் வாழ்க்கையை ஓவியமாக வரைந்தவர்கள் என்றதும் ஜொத்தோவின் பெயர்தான் முதலில் வரும். வரட்டும், பெரிய ஓவியர். ஆனால் நான் இன்று பேச வந்தது, அவருக்கு நூறாண்டு பிந்திய சியேனா நகரத்து சசெத்தாவைப் பற்றி. இவரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். எனக்கு அதில் மனக்குறை உண்டு.

இத்தாலியில் போர்கோ சான் செப்போல்க்ரோ என்று ஓர் ஊர். அங்கிருந்த பிரான்சிஸ்கன் துறவிகள் தங்கள் கோயிலின் தலைமைப் பீடத்துக்கு ஓவியம் வேண்டும் என்று 1437-ல் சசெத்தாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1444-ல்தான் வேலை முடிந்து வந்து சேர்ந்தது. பலகையின் இரண்டு பக்கமும் ஓவியம். மக்கள் பார்க்கும் முன்பக்கத்தில் அன்னை மரியாவும் குழந்தை இயேசுவும். பின்பக்கத்தில், அந்தத் துறவிகளின் சபையை நிறுவிய புனிதர் பிரான்சிஸ் அசிசியார், கைகளை விரித்துப் பரவசத்தில் நிற்கிறார். அவரைச் சுற்றி அவர் வாழ்க்கையின் எட்டுக் காட்சிகள்.

அந்தப் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்து செபித்தவர்கள் துறவிகளேதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வரைந்த படங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அது இங்கே பொருந்தாது. அசிசியாரின் கதை முழுவதும் அறிந்தவர்கள் இவர்கள். அவரைப் போலவே வாழ்வோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள். ஏழ்மையை எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது என்று சபைக்குள் கடும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வேளையில், தந்தையின் செல்வத்தை உதறிய மனிதர் தினமும் கண்முன் நிற்கிறார்!

சரி, ஓநாய்ப் படத்துக்கு வருவோம். குப்பியோ நகரத்தை ஓர் ஓநாய் அச்சுறுத்தி வந்தது. ஊரார் அதற்கு உணவளிப்பது, அது யாரையும் தொடாமலிருப்பது என்று அசிசியார் சமாதானம் பேசினார் என்பது கதை. நகர வாயிலில் மக்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். மதில்மேலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஓநாய் தன் முன்னங்காலை அசிசியார் கையில் வைத்திருக்கிறது. பக்கத்திலேயே பத்திர எழுத்தர் உட்கார்ந்து உடன்படிக்கையை எழுதிக்கொண்டிருக்கிறார்! ஓநாய்க்குப் பின்னால் பாருங்கள்: அது தின்றுபோட்ட எலும்புகளும் மனித உடலின் மிச்சங்களும். ஓநாய் செய்த கொடுமையை ஓவியர் மறைக்கவில்லை. அது தெரிந்தால்தானே அந்த மன்னிப்பின் கனம் நமக்குப் புரியும்?

இன்னொரு படத்தில் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய, துறவிகள் கொடுக்கும் மூன்று வாக்குறுதிகளும் மூன்று பெண்களாக வருகின்றன. அசிசியார் ஏழ்மைக்கு மோதிரம் அணிவிக்கிறார். அதே பலகையில், மேலே, அதே மூவரும் வானில் பறந்து போகிறார்கள். ஏழ்மை மட்டும் அவரைத் திரும்பிப் பார்க்கிறாள். ஒரே சட்டத்துக்குள் இரண்டு வேளைகள். அந்தக் காலத்து ஓவியர்கள் பலர் கையாண்ட முறைதான். ஆனால் அந்த ஒரு திரும்பலில் மணமும் பிரிவும் சேர்ந்து வருவதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

1752-ல் இந்த ஓவியத்தைப் பிரித்துவிட்டார்கள். அப்புறம் துண்டு துண்டாகப் பல கைகள் மாறியது. இன்று எட்டில் ஏழு காட்சிகள் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன. நடுவில் நின்ற அசிசியார் ஃபுளோரன்ஸ் அருகே ஒரு மாளிகையில். முன்பக்கத்து அன்னை மரியா பாரீஸில், லூவ்ர் அருங்காட்சியகத்தில். ஏழ்மையை மணக்கும் காட்சி பிரான்சின் ஷான்டில்லியில் தனியாக இருக்கிறது. லண்டனில் ஏழையும் பார்ப்பவர்கள், கைப்பேசியிலாவது அந்த எட்டாவதைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.